விண் கட்டும் முறை: வில், நார், சுருதி

பட்டத்தின் தலையில் பூட்டும் விண் ஒரு நரம்புக் கருவி. வளைத்த வில், அதில் இழுத்துக் கட்டிய ஒற்றை நார், அவ்வளவுதான். வீணையில் விரல் செய்வதை இங்கே காற்றுச் செய்கிறது. இடையர்கள் குமிழங் கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகப் பூட்டி வில்யாழ் இசைத்ததாகச் சங்கப் பாட்டுச் சொல்கிறது. இலங்கையின் வன்னிக் காட்டோரத்தில் இன்றைக்கும் முளைக்கும் மருள்தான் அந்த மரல். விண்ணை அந்த வில்யாழின் ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளலாம்.

பட்டத்தின் கடதாசிக்கும் குஞ்சத்துக்கும் இரண்டு நாள் செலவழிப்பவர்கள், விண்ணைக் கடைசி அரை மணித்தியாலத்தில் கையில் கிடைத்த பார்சல் பட்டியால் கட்டிவிடுகிறார்கள். பிறகு அது கூவாமல் படபடத்தால் காற்றைத் திட்டுவார்கள். பிழை பெரும்பாலும் நாரில்தான் இருக்கும். வில் சுமாராக இருந்தாலும் நல்ல நார் கூவும். நார் சீரில்லாவிட்டால் எந்த வில்லும் அதைக் காப்பாற்றாது.

இங்கே சொல்லும் அளவுகள் நாலடி உயரமுள்ள கொக்குப் பட்டத்துக்கோ எட்டுமூலைப் பட்டத்துக்கோ பொருந்தும். மூன்றடிக்குக் குறைந்த பட்டம் இந்த விண்ணின் பாரத்தைச் சுமந்துகொண்டு நிமிர்ந்து நிற்காது.

தேவையான சாமான்கள்: முற்றிய மூங்கிலில் மூன்றேகால் அடி, பனை மட்டை மூன்று, தென்னை ஈர்க்கு, பருத்தி நூல், மெல்லிய நைலோன் கயிறு ஒன்பது அடி, மரப்பசை, கூரான கத்தி, உடைந்த கண்ணாடித் துண்டு, அரத்தாள், சமையலறைத் தராசு. மட்டை ஒன்று போதும் என்று நினைக்க வேண்டாம். முதல் இரண்டும் கை பழகுவதற்கே போகும்.

வில்

மூங்கில் மூன்று வயதாவது சென்றதாக இருக்க வேண்டும். இளம் மூங்கில் வளைத்த வளைவிலேயே நின்றுவிடும், திரும்பி உதைக்காது. வெட்டிய மூங்கிலை இரண்டு மூன்று கிழமை தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு நிழலில் ஒரு மாதம் காயவிட்டால் உளுக்காது. மூங்கிலில் உள்ள மாச்சத்தைத் தேடித்தான் வண்டு வருகிறது, ஊறப்போடும்போது அது கரைந்து போய்விடும். தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்பார்கள். எந்தப் பிறையில் வெட்டினாலும் ஊறப்போடுங்கள்.

மூங்கில் கிடைக்காத இடத்தில் நன்கு முற்றிய கமுகஞ் சலாகை உதவும். ஒரே அளவில் சீவினால் அது மூங்கிலை விடப் பாரமாக இருக்கும். ஆகவே பட்டம் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும்.

காய்ந்த மூங்கிலைப் பிளந்து, 36 அங்குல நீளம் வில்லுக்கும் நுனிக்கு ஒரு அங்குலம் கட்டுக்குமாக 38 அங்குலம் எடுங்கள். நடுவில் அகலம் 18 மி.மீ, தடிப்பு 7 மி.மீ. நுனிகளில் அகலம் 10 மி.மீ, தடிப்பு 4 முதல் 5 மி.மீ. உட்புறத்தை மட்டும் சீவுங்கள். வெளித்தோலில் கத்தி படக்கூடாது, வில்லின் பலம் அந்தப் பளபளப்பான தோலை ஒட்டிய நாரில்தான் இருக்கிறது. வளைக்கும்போது தோல் வெளிப்பக்கம் வர வேண்டும். கணு புடைத்திருந்தால் உட்புறத்தில் மட்டும் மட்டமாக்குங்கள். சலாகை ஒரு பக்கம் கோணியிருந்தால் அந்த இடத்தைத் தணலுக்கு மேலே கருகாமல் சூடுகாட்டி, துணியால் பிடித்து நிமிர்த்தி, ஆறும்வரை கையை விடாதிருங்கள்.

இரண்டு கையும் ஒரே அளவில் வளைகிறதா என்று பார்ப்பதற்கு, நுனிகளில் ஒரு சாதாரண நூலைக் கட்டி வளைத்து, வில்லைத் தரையில் வைத்துச் சுற்றிக் கரியால் கோடு கீறுங்கள். பிறகு வில்லை வலம் இடமாகத் திருப்பி அதே கோட்டின்மேல் வையுங்கள். கோட்டை விடக் குறைவாக வளைந்து விலகும் பக்கம்தான் விறைத்த பக்கம். அங்கே உட்புறத்தில் இரண்டு மூன்று சீவல் எடுத்து மறுபடி பாருங்கள். கோடும் வில்லும் ஒன்றாகும்வரை இதைச் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மெலிந்த வில், பட்டத்தைப் பறக்கும்போதே அந்தப் பக்கம் சரிக்கும்.

வில்லின் பலத்தை அளக்க ஒரு சுலபமான வழி உண்டு. தராசைத் தரையில் வைத்து, வில்லை அதன்மேல் நிமிர்த்தி நிறுத்தி, மேல்நுனியை உள்ளங்கையால் நேர்கீழாக அமத்துங்கள். வில் வளையத் தொடங்கியதும் தராசு காட்டும் எண்தான், பூட்டிய பிறகு நாரில் இருக்கப்போகும் இழுவை. மேலே சொன்ன அளவில் சீவிய வில் ஏறத்தாழ 5 கிலோ காட்டும். இன்னும் அமத்தினால் வில் இன்னும் வளையும், எண் அதிகம் ஏறாது. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் விண் தளர்வாகக் கேட்டால் எல்லாரும் செய்யும் முதல் காரியம் வில்லை இன்னும் வளைத்துக் கட்டுவதுதான். அதனால் இழுவை அதிகம் ஏறாது, வில் முறிவதற்குக் கிட்டப் போவதே மிச்சம். இழுவையைத் தீர்மானிப்பது தடிப்பு. 7 மி.மீ தடிப்பை 8 ஆக்கினால் இழுவை ஒன்றரை மடங்காகும், 6 ஆக்கினால் மூன்றில் இரண்டாகக் குறையும். ஆகவே சீவும்போது கடைசி ஒரு மில்லிமீற்றரில் அவசரப்பட வேண்டாம்.

நுனியிலிருந்து ஒரு அங்குலம் விட்டு, இரண்டு ஓரங்களிலும் 2 மி.மீ ஆழத்துக்குக் கவடு வெட்டி, அதற்குக் கீழே பருத்தி நூலைப் பசையோடு நெருக்கமாகச் சுற்றுங்கள். சுற்றாவிட்டால் கவட்டிலிருந்து மூங்கில் பிளந்துகொண்டு போகும்.

நார்

பனை மட்டையைத் தெரிவதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். குருத்தோலை மட்டையின் நார் தண்ணீர் கோத்திருக்கும், காய்ந்ததும் சுருண்டு நீளம் குறையும். காவோலை மட்டை முறியும். இடைப்பட்ட, இன்னும் பச்சையாக நிமிர்ந்து நிற்கும் சாரோலை மட்டையே சரி. நாலடி நீளமுள்ள, முறுக்கில்லாத மட்டையாகப் பாருங்கள். பூநகரியிலும் மன்னார்ப் பக்கத்திலும் பனைக்குக் குறைவில்லை. உள்வன்னியில் வீட்டு எல்லையில் நிற்கும் ஒரு பனையும் போதும்.

இரண்டு பக்கக் கருக்கையும் சீவித் தள்ளுங்கள். அடிப்பக்கத்தில் குறுக்காக ஒரு மில்லிமீற்றர் ஆழத்துக்கு வெட்டி, மட்டையின் குழிந்த உட்பக்கத் தோலைக் கத்தி நுனியால் கிளப்பி, ஒரே இழுவையாக நுனிவரை உரியுங்கள். கட்டில் பின்ன எடுக்கும் அதே அகணி நார்தான். இடையில் நிறுத்தி நிறுத்தி உரித்தால் நிறுத்திய இடமெல்லாம் தடிப்பு மாறும். ஒரு மட்டையில் 15 மி.மீ அகலத்தில் இரண்டு மூன்று வார் கிடைக்கும். நேர் ஓட்டமாக, நடுவில் தழும்பில்லாததை எடுங்கள். பூச்சி குத்திய ஒரு புள்ளி இருந்தாலும் நார் அந்த இடத்தில்தான் அறும்.

வாரை அரைநாள் தண்ணீரில் ஊறவைத்து, உட்பக்கத்துச் சோற்றை (மென்மையான சதையை)ச் சீவ வேண்டும். கத்தியைக் கையில் பிடித்துச் சீவினால் தடிப்பு அலை அலையாக வரும். கத்தியை ஒரு பலகையில் நிமிர்த்தி இறுக்கி, வாரைக் கத்திக்கும் தடித்த இரப்பர்த் துண்டுக்கும் (பழைய சைக்கிள் ரியூப் போதும்) இடையில் விட்டு இழுங்கள். கத்தி அசையாது, நார்தான் ஓடும். ஒவ்வொரு இழுவைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். முடிவில் கண்ணாடித் துண்டின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டி மினுக்குங்கள்.

சென்று சேர வேண்டிய அளவு: அகலம் 8 மி.மீ, தடிப்பு 0.3 மி.மீ. அளக்கக் கருவி இல்லையென்றால் சாதாரண எழுதும் கடதாசி மூன்றை ஒன்றாகச் சேர்த்து விரலால் தடவிப் பாருங்கள், அதுதான் 0.3. அகலம் சீராக இருக்க, நாரைப் பலகையில் நீட்டி, இரும்பு அடிமட்டத்தை ஓரமாக வைத்து பிளேட்டால் ஒரே கீறாகக் கீறுங்கள். முடிந்தபின் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தால் தடித்த இடம் இருண்டு தெரியும். அந்த இடத்தை மட்டும் சுரண்டுங்கள்.

பிறகு நாரின் ஒரு முனையை ஆணியில் மாட்டி, மறுமுனையில் ஒரு கிலோ பாரத்தைத் தொங்கவிட்டு, நிழலில் ஒரு இரவும் பகலும் காயவிடுங்கள். வெயிலில் காய்ந்தால் ஓரங்கள் உள்ளே மடிந்து வாய்க்கால் போலாகிவிடும். அப்படி மடிந்த நார் விறைத்து நிற்கும், காற்றுக்கு அசையாது.

பார்சல் பட்டியால் கட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அரை அங்குலப் பட்டி அப்படியே கட்டினால் பாரம் கூடி உறுமலாகத்தான் வரும். நடுவால் நீளவாக்கில் கீறி 6 மி.மீ ஆக்குங்கள். பிளாஸ்டிக் இழுவையில் மெல்ல மெல்ல நீளும். ஆகவே பூட்டுவதற்கு முதல்நாள் இரவு 5 கிலோ பாரம் தொங்கவிட்டு நீளவேண்டியதை நீளவிடுங்கள். பனிக்கும் மழைக்கும் பயமில்லை என்பதே இதன் ஒரே பெருமை. குரலில் பனை நாரின் கனிவு வராது. பழைய வீடியோக் கசெற் நாடா கீச்சென்று அழகாகக் கூவும், ஆனால் 5 கிலோ இழுவைக்கு நீண்டுவிடும். அதற்கு 4 மி.மீ தடிப்பில் ஒரு சின்ன வில் தனியாகச் சீவ வேண்டும்.

பூட்டுதல்

நாரை முடிச்சுப் போட்டுக் கட்டக்கூடாது. முடிச்சில் நார் குவிந்து நடுவில் மட்டும் இழுபடும், ஓரங்கள் தளர்ந்து படபடக்கும். ஒன்றரை அங்குல ஈர்க்கு அடித்துண்டு ஒன்றை நாரின் முனைக்குக் குறுக்கே வைத்து, நாரின் முனையை மட்டும் ஈரமாக்கி அதன்மேல் மடித்து, மடிப்பை ஒரு அங்குலம் பின்னுக்கு எடுத்து, பசை தடவிப் பருத்தி நூலால் சுற்றுங்கள். ஈர்க்கின் இரண்டு நுனியிலும் நைலோன் கயிற்றைக் கட்டி, முக்கோணமாக ஒன்று சேர்த்து, வில்லின் கவட்டுக்குக் கொண்டுபோங்கள். மறுமுனையிலும் அப்படியே. இப்போது இழுவை நாரின் முழு அகலத்திலும் சமமாக விழும்.

வில்லை நடுவில் 5 அங்குலம் வளைத்தால் 36 அங்குலம் என்பது நுனிக்கு நுனி 34 அங்குலமாகும். இருபுறமும் கயிற்றுக்குப் பக்கத்துக்கு இரண்டு அங்குலம் விட்டால் நார் 30 அங்குலம். இந்த நாரும் இந்த வில்லும் சேர்ந்தால் செக்கனுக்கு ஏறத்தாழ 95 அதிர்வு, ஆண்குரலின் அடிச்சுருதி. நாரை நடுவில் சுண்டினால் தெளிவாக ஒரு சுரம் கேட்க வேண்டும். ‘டப்’ என்று செத்த ஓசை வந்தால் மேலே போகாதீர்கள். ஈர்க்கு கோணலாக இருக்கிறது அல்லது நாரின் ஒரு ஓரம் தளர்ந்திருக்கிறது. முக்கோணத்தின் தளர்ந்த பக்கக் கயிற்றைச் சற்று இழுத்துக் கட்டுங்கள்.

சுருதி

வீணைக் கம்பிக்கு உள்ள கணக்குத்தான் இதற்கும். நீளத்தைப் பாதியாக்கினால் சுருதி இரண்டு மடங்கு. இழுவையை நான்கு மடங்காக்கினால் இரண்டு மடங்கு. நாரின் பாரத்தைப் பாதியாக்கினால் 1.4 மடங்கு. நார் சீவுபவருக்குக் கடைசிதான் கைக்கு எட்டிய வழி. சுருதி ஏற வேண்டுமானால் நாரின் அகலத்தை முழு நீளத்துக்கும் ஒரே அளவாகக் குறையுங்கள். இறங்க வேண்டுமானால் தேன்மெழுகை மெல்லியதாகத் தேய்த்து ஏற்றுங்கள். மெழுகு பனியையும் கொஞ்சம் தடுக்கும்.

ஒரே பட்டத்தில் இரண்டு விண் பூட்டுவதானால், 30 அங்குல நாரைச் ச என்று வைத்து, அதே நாரில் 20 அங்குலம் எடுத்து, அதே இழுவையில் பூட்டினால் ப வரும். வில் குறுகும்போது விறைப்புக் கூடும் என்பதால், இரண்டாவது வில்லைத் தராசில் நிறுத்தி 5 கிலோ வரும்வரை மெலிதாகச் சீவ வேண்டும். இரண்டையும் ஒரே சுருதியில் வைக்க முயன்று மயிரிழை தவறினால் ஓசை அலை அலையாக எழும்பி விழும். சிலர் அதைத்தான் விரும்பிக் கேட்கிறார்கள்.

காற்றைப் பார்க்கும் கோணம்

புல்லை இரண்டு பெருவிரலுக்கு நடுவில் வைத்து ஊதிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். புல்லின் ஓரம் வாயைப் பார்க்கும், முகம் பார்க்காது. நாரும் அப்படித்தான். காற்று அதன் ஓரத்தில் பட்டு இரண்டு முகங்களையும் தடவிக்கொண்டு ஓட வேண்டும். அப்போது நார் கொஞ்சம் முறுகும், முறுகியதைக் காற்று தூக்கும், நார் திரும்பி எதிர்ப்பக்கம் முறுகும். அமெரிக்காவின் டக்கோமா தொங்குபாலம் 1940 நவம்பர் 7 ஆம் திகதி காற்றில் முறுகி முறுகி அறுந்து விழுந்தது இதே ஆட்டத்தால்தான். பொறியியலாளர் அஞ்சும் சங்கதியை நாங்கள் வேண்டுமென்றே வரவழைக்கிறோம்.

பட்டத்தில் பூட்டுமுன் விண்ணைக் கையில் பிடித்துச் சோதியுங்கள். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற குளங்களின் கட்டு இதற்கு நல்ல இடம். மரமில்லாமல் காற்று ஒரே சீராக வரும். வில்லின் நடுவைப் பிடித்து, காற்றுக்குக் குறுக்கே நீட்டி, மெல்லத் திருப்பிக்கொண்டே வாருங்கள். ஒரு கோணத்தில் முனகும், இன்னும் சற்றுத் திருப்பினால் வாய் திறந்து கூவும், அதற்கு மேல் போனால் படபடக்கும். கூவிய கோணத்தை மனதில் பிடித்து, பட்டம் வானில் சரிந்து நிற்கும் சாய்வையும் சேர்த்து, நாரின் ஓரம் அதே கோணத்தில் காற்றைப் பார்க்கும்படி ஈர்க்குகளைத் திருப்பிக் கட்டுங்கள். இரண்டு ஈர்க்கும் ஒரே பக்கம், ஒரே அளவு திரும்ப வேண்டும்.

பட்டத்தில் ஏற்றுதல்

வில்லைப் பட்டத்தின் தலைப்பக்கம், முதுகில், நடுத்தடியோடு ஒரு கட்டும் இரண்டு பக்கச் சலாகைகளோடு இரண்டு கட்டுமாக இறுக்குங்கள். கட்டு அசைந்தால் குரல் நடுங்கும். நாருக்கும் கடதாசிக்கும் இடையில் குறைந்தது மூன்று அங்குலம் வெளி இருக்க வேண்டும்.

50, 60 கிராம் தலையில் ஏறியதால் பட்டம் குத்தும். பழைய வால் போதாது. முதலில் வாலை மூன்றிலொரு பங்கு நீட்டிப் பாருங்கள். அதற்கும் குத்தினால் முச்சையின் (பட்டத்தை நூலோடு சேர்க்கும் கயிறுகளின்) மேல்கயிற்றை விரலளவு குறைத்து, பட்டத்தைக் கொஞ்சம் படுக்கவையுங்கள். அதிகம் படுத்தால் இழுவை குறைந்து விண் வாய் மூடிவிடும். முச்சையைத் தொட்டால் நாரின் கோணமும் மாறும் என்பதை மறந்து, நாரில் பிழை தேடுபவர்கள் அதிகம்.

வாடைக்கு (வடகிழக்குக் காற்று) கட்டிய விண்ணைச் சோளகத்துக்கு (தென்மேற்குக் காற்று) அப்படியே ஏற்றக்கூடாது. வாடையின் மென்காற்றில் 5 கிலோ இழுவை நாரை எழுப்பாது, 3 கிலோ வில் தேவைப்படும். சோளகத்தில் அந்த 3 கிலோ வில் நெளிந்து நார் தாறுமாறாக அடிக்கும். இரண்டு வில் சீவி வைத்திருப்பதே வசதி.

கூவாவிட்டால்

விண் படபடவென்று அடித்தால் நாரின் ஓரம் தளர்ந்திருக்கிறது, அல்லது முகம் காற்றைப் பார்க்கிறது. பட்டம் ஏறும்போது கூவி, மேலே போனதும் நின்றால், மேல்காற்றுக்கு இழுவை போதாது அல்லது பட்டத்தின் சாய்வு மாறிவிட்டது. மாலையில் நன்றாகக் கூவியது சாமத்தில் கட்டைக் குரலாகி நின்றுபோனால் அது பனி. நார் ஈரத்தைக் குடித்துப் பாரமாகித் தளர்ந்திருக்கும். இறக்கிக் காயவைத்தால் பழைய குரல் வரும், பிழை ஒன்றுமில்லை. ஈர நாரை அப்படியே இறுக்கிக் கட்டினால் காலை வெயிலில் சுருங்கி அறும். ஓயாமல் ‘கிர்ர்’ என்று அரைந்தால் நார் எங்கேயோ வில்லிலோ கடதாசியிலோ தொடுகிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அறுந்தால் ஈர்க்கின் விளிம்பு கூராக இருக்கிறது, அரத்தாளால் உருட்டுங்கள்.

மின்கம்பிக்கு அருகில் ஏற்ற வேண்டாம், ஈரநூல் மின்சாரத்தைக் கீழே கொண்டுவரும். இரவு முழுவதும் கூவட்டும் என்று மரத்தில் கட்டிவிட்டுப் படுக்கப் போவதானால், நூல் தெருவைக் கடக்காத இடமாகப் பாருங்கள். தாழ்ந்த நூல் மோட்டார்சைக்கிளில் வருபவரின் கழுத்துக்குத்தான் போகும். அறுந்த பட்டத்தைத் துரத்தும்போது மண்டையோடு போட்ட மிதிவெடிப் பலகை தெரிந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். பட்டம் போனால் போகட்டும்.

பட்டம் இறங்கியதும் ஒரு பக்கக் கயிற்றைக் கவட்டிலிருந்து கழற்றி வில்லை நிமிரவிடுங்கள். பூட்டியபடியே ஒரு கிழமை வைத்தால் வில் வளைவைப் பழகிவிடும், அடுத்தமுறை தராசு 5 கிலோ காட்டாது. நாரைச் சுருட்டக் கூடாது. நீட்டியபடி அடுப்படி முகட்டில் புகை படத் தொங்கவிட்டால் பூச்சி தொடாது.